மஞ்சள் கோடு

பட்டறைக் கடிகாரத்தில் மணி நான்கு ஐம்பது. நவம்பர் மாதம். வெளியே மலைக்காடு அதற்குள் இருண்டுவிட்டிருந்தது.

லிஃப்டில் தலைக்கு மேலே நின்ற பந்தயக் காரின் அடியில் அன்ஸ்கர் தெலன் கைவிளக்கோடு அண்ணாந்து பார்த்தபடி அடி அடியாக நகர்ந்தார். புது ரப்பரின் வாடை, கிரீஸ் வாடை, மூலையில் அணைந்துகொண்டிருந்த விறகடுப்பின் புகை. தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுச் சொட்டும் சத்தம். வெளிச்சம் படும் இடமெல்லாம் கழுவித் துடைத்த இரும்பு. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு கோடு மட்டும் மஞ்சள்.

விளக்கை அருகே கொண்டுபோனார். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கையின் போல்ட் அது. கோடு போல்ட்டின் தலையில் தொடங்கி இரும்புக்கு இறங்கியது. நேராக, மெலிதாக. விரலால் தொட்டார்.

ஈரம்.

"பல்லப் பிடிச்சே பாருங்க ஹெர் தெலன்" என்றார் ஃபோல்க்மார் ரோஸ். அந்தக் காரை நொறுங்கிய இரும்பாக வாங்கி ஐந்து வருடத்தில் மீட்டெடுத்தவர். தொட்டியில் மணல் சோப்பால் கை கழுவிக்கொண்டிருந்தார். "தானமா குடுத்தாத்தான் பல்லப் பாக்கக் கூடாது. நான் காசுக்குத்தான் குடுக்குறேன்."

"இங்க உங்களோட வேற யாராச்சும் வேலை பாக்குறாங்களா?"

"நானும் என் முதுகுவலியும்தான். ஏன்?"

அன்ஸ்கர் விரலைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடி விளக்கை உயர்த்தினார். கோடு வெள்ளையாக இருந்தது. காய்ந்திருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

பந்தய மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கி, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொன்னபின், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புக்கு ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொருவனுக்கும் ஒரு நிறம். ஒருவனுடைய நிறத்தை இன்னொருவன் தொடமாட்டான். கோட்டைப் பார்த்த பிறகு அந்த போல்ட்டை யாரும் சோதிப்பதில்லை. கோடுதான் சொல்.

ரோஸ் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். அடியில் ஐந்து மரப்பெட்டிகள் இருந்தன.

"கழட்டினதெல்லாம் வண்டியோடதான் போகணும். அப்பத்தான் இது அந்த வண்டி. இல்லேன்னா நான் செஞ்ச பொம்மை. துருவக்கூட எடுத்து வெச்சிருக்கேன்." எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். "இத மட்டும் பாருங்க. ரொம்ப நாளா தூக்கத்தக் கெடுக்குது."

கருத்த போல்ட் ஒன்று. பக்கத்தில் வளைந்துபோன இரும்புக் கையின் ஒரு துண்டு. ரோஸ் போல்ட்டை அதன் துளையில் செருகி, பழைய துருத் தடம் காட்டிய நிலையிலேயே நிறுத்தினார். இரண்டிலும் வெளிறிய மஞ்சள் கோடு இருந்தது. போல்ட்டின் கோடும் இரும்பின் கோடும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு விலகி நின்றன.

"முறியல. வளையல. தானா திரும்பித் தானா கழண்டிருக்கு. ஓட்டின பிரெங்க் தூங்கிட்டான்னுதானே எழுதினாங்க?"

"தூங்கிட்டார்னுதான்."

"தூங்குறவன் காலால போல்ட்டக் கழட்டுவானா?" ரோஸ் சிரித்தார். "நீங்க அவனோட அணியில இருந்தீங்கன்னு சொன்னாங்களே."

"டயர் உருட்டினேன். சின்னப் பையன் அப்ப."

"உங்க நிறம்?"

"நீலம்."

"மஞ்சள் யாருது?"

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு ஹெர் ரோஸ்."

ரோஸ் போல்ட்டைத் திரும்பத் தாளில் சுற்றினார். அவசரமில்லாமல் சுற்றினார்.

"கண்டுபிடிச்சிடலாம். பழைய போட்டோ ஏதாவது கிடைக்கும். நீங்க வாங்கலேன்னா வாங்குறவனே தேடுவான். வரலாறு தெரிஞ்சாத்தான் இந்த மாதிரி வண்டிக்கு மதிப்பு."

அன்ஸ்கர் விலை பேசவில்லை. கையெழுத்துப் போட்டார். பேனா வழுக்கியது. விரல்நுனியில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

*

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு அன்ஸ்கருக்கு வயது இருபத்திரண்டு. இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம். பின்னிரவில் கார் தடுப்பில் இடித்துக்கொண்டு வந்து நின்றது. இரும்புக் கையை மாற்றினார்கள். விரல்கள் குளிரில் மரத்திருந்தன. போல்ட்டைச் சாதாரண ஸ்பேனரால் ஏற்றினார். டார்க் ரெஞ்ச் காரின் மறுபக்கத்தில் வேறொருவன் கையில் இருந்தது. தலைமை மெக்கானிக் விளக்கோடு வந்துகொண்டிருந்தார். ரெஞ்ச் கைக்கு வந்ததும் முறுக்கலாம், கோட்டை முதலில் போட்டுவிடலாம் என்று அன்ஸ்கர் நினைத்தார். போட்டார். விளக்கு கோட்டின் மேல் ஒரு நொடி நின்றது. நகர்ந்தது. ஜாக்கி இறங்கியது.

லோட்டார் பிரெங்க் காட்டுக்குள் இருந்த ஆந்தை வளைவு வரை போனார்.

ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று அறிக்கை வந்தது. அன்ஸ்கர் வாய் திறக்கவில்லை. அதன்பின் அந்த வட்டாரத்தில் கண்ணைக் கசக்கும் எவனையும் 'பிரெங்க்' என்று கூப்பிட்டார்கள். பிரெங்கின் மகனைப் பள்ளியிலும் அப்படித்தான். அவன் ஊரைவிட்டே போனான். விதவை நொறுங்கிய காரைக் கொட்டகையில் வைத்து, சாகும்வரை விற்காமல் இருந்தாள்.

இப்போது அந்த போல்ட் அன்ஸ்கரிடம் இருந்தது. வேறு யார் கையிலும் இல்லை. அதுதான் அவர் வாங்கியது. கார் அதோடு வந்தது.

மகளிடம் வேறு சொல்லியிருந்தார். 'உனக்குத்தான் வாங்குறேன்' என்று.

*

மகள் இம்கேவுக்கு இருபத்தொன்பது வயது. கொலோன் நகரில் கண்ணாடிக் கடையில் வேலை. விடுமுறை நாட்களில் சின்னக் கார்களில் பந்தயம். வண்டி வந்த அன்றே ஒரு வார விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு அடியில் இருந்த காரேஜில் வெள்ளை உடலும் பச்சைப் பட்டையும் கதவில் 41 என்ற எண்ணுமாக அது நின்றது. அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள்.

"பத்து வருஷமா ஒரு டயர் வாங்கித் தாப்பான்னு கேட்டேன். 'படுத்துத் தூங்கு'ன்னு சொன்ன ஆளா நீ?"

"பிடிக்கலேன்னா சொல்லு."

"ஐயோ, பிடிக்கலேன்னு யாரு சொன்னா? சனிக்கிழமைக்குப் பந்தயப் பாதைய வாடகைக்கு எடுத்தாச்சு. ரோஸும் வர்றாராம்."

அன்று அந்தியில் அன்ஸ்கர் தனியாக அணைக்குப் போனார். அணைப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, எண்ணெய்த் தாளோடு போல்ட்டைத் தண்ணீரில் எறிந்தார். கீழே பனி படர்ந்திருந்தது, தண்ணீர் தெரியவில்லை. விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். ஈர இலைகளின் மணம். தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. நிறுத்தியது.

கீழேயிருந்து 'டக்' என்றது.

தண்ணீரின் சத்தமல்ல. உலர்ந்த, சிறிய, இரும்புச் சத்தம். அளவுக்கு இறுகியதும் ரெஞ்ச் போடும் சத்தம்.

வீடு திரும்பியபோது இம்கே அடுப்பில் பருப்புச் சூப்பு சுட வைத்திருந்தாள். பாத்திரத்தைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவரத் திரும்பினாள். அதன் கைப்பிடித் திருகில் ஒரு மஞ்சள் கோட்டை அன்ஸ்கர் பார்த்தார்.

"வை கீழ!"

அவள் வைத்தாள். வைத்த கணம் கைப்பிடி அவள் கையோடு வந்தது. சூப்பு மேசையில் மட்டும் சிந்தியது.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"ஆடுச்சு."

"ஆடலையே. நான்தானே பிடிச்சிருந்தேன்."

அவர் திருப்புளியை எடுத்துவந்து திருகை முறுக்கினார். கோட்டைத் துணியால் துடைத்தார்.

மறுநாள் மாடிப்படிக் கைப்பிடியின் மேல் திருகில் கோடு இருந்தது. அசைத்தால் கைப்பிடி சுவரிலிருந்து பிரிந்து வந்தது. முறுக்கினார். பிற்பகல், இம்கேவின் சைக்கிள் ஹேண்டிலில். முறுக்கினார். அதற்கடுத்த நாள், குளியலறை வெந்நீர்க் கொதிகலனுக்குப் போகும் எரிவாயுக் குழாயின் இணைப்பில். மூக்கை வைத்தால் வாடை வந்தது. ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, முழங்காலிட்டு, முறுக்கினார்.

கோடுகள் எல்லாம் ஒரே கையெழுத்து. நேராக, மெலிதாக, முடியும் இடத்தில் இடப்பக்கம் ஒரு சின்ன வளைவு. இருபத்திரண்டு வயதில் அவர் அப்படித்தான் இழுப்பார். இடக்கைக்காரர்.

அவர் வீட்டில் உட்காரவே இல்லை. ஸ்பேனரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். நாற்காலிகளைக் கவிழ்த்தார். கதவுக் கீல்களைத் தடவினார். காரேஜுக்கு இறங்கினார், ஏறினார், இறங்கினார். காரில் மட்டும் மஞ்சள் எங்கும் இல்லை. எல்லாம் வெள்ளை. அதை அவர் நம்பவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, மறுபடி முறுக்கி, 'டக்' கேட்டு, புதிதாகக் கோடு போட்டார். வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்திருந்தார். இன்னொருவன் நிறம். முதல்முறையாகத் தொட்டார்.

"அப்பா, உன் மண்டைலதான் ஒரு நட்டு லூஸ். வீட்டுல இல்ல" என்றாள் இம்கே, படியில் உட்கார்ந்தபடி. பிறகு சட்டையின் தோளைப் பிடித்துக் காட்டினாள். "சரி, இந்த மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு? துவைச்சாலும் போக மாட்டேங்குது."

"கழட்டு அத. எரிச்சிடலாம்."

"பைத்தியமா? புதுச் சட்டை."

"சனிக்கிழமை போக வேணாம் இம்கே."

"ஏன்?"

ஒரு வாக்கியம்தான். வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் பார்க்கும் பார்வை எப்படி மாறும் என்பதும் கூடவே வந்தது. பிறகு அவள் ரோஸிடம் கேட்பாள். ரோஸ் பிரெங்கின் மகனைத் தேடிப் பிடிப்பார்.

"ரோட்டுல ஈரம்" என்றார்.

"இந்த ஊர்ல எப்ப ரோடு காஞ்சிருந்துச்சு?"

கீழே காரேஜில் 'டக்' என்றது.

"என்ன சத்தம்?" என்றாள் இம்கே.

*

சனிக்கிழமை பனி இறங்கியிருந்தது. காட்டுக்குள் போகும் பழைய பந்தயப் பாதையில் முதல் நூறு மீட்டர் மட்டும் தெரிந்தது. அதற்கப்பால் மரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். பெட்ரோல் வாடையும் ஈர ஊசியிலை வாடையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக வந்தன. பருவம் முடிந்துவிட்டதால் வேறு வண்டி எதுவும் இல்லை. நாற்காலிகள் மடித்துச் சங்கிலி போடப்பட்டிருந்தன.

ரோஸ் ஒரு ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை அன்ஸ்கரிடம் கொடுத்தார். பிறகு குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார்.

"என் நிறத்துல யாரோ கோடு போட்டிருக்காங்க."

"நான்தான். மறுபடி முறுக்கினேன்."

"நீலத்துல போட்டிருக்கலாமே." அவர் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "போட்டோ ஒண்ணு கிடைச்சிருக்கு ஹெர் தெலன். அணி மொத்தமும் வரிசையா நிக்குது. ஒவ்வொருத்தன் கைலயும் அவனவன் டப்பா. கறுப்பு வெள்ளைப் படம். அதான் தொல்லை. அப்பறம் பேசலாம்."

இம்கே பந்தய உடையில் வந்தாள். முகமூடித் துணியை மாட்டுவதற்காக முடியை இரண்டு கையாலும் மேலே அள்ளி முடிந்தாள்.

இடது காதுக்குக் கீழே கோடு இருந்தது.

தாடையின் ஓரத்தில் தொடங்கி, கழுத்து வழியாகத் தோள்பட்டைக்கு இறங்கியது. மஞ்சள். நேர்க்கோடு. முடிவில் இடப்பக்கம் சின்ன வளைவு. ஈரமாக மின்னியது.

அன்ஸ்கர் கட்டைவிரலால் துடைத்தார். விரலில் ஒட்டியது. கழுத்திலும் இருந்தது.

"என்னப்பா?"

"பெயின்ட்."

அவளுடைய தலையை இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்தார். வீட்டில் ஒவ்வொரு பொருளையும் பிடித்து அசைத்துப் பார்த்ததுபோல, மெதுவாக, ஒரு பக்கம் திருப்பினார்.

ஆடியது.

ஒரு மயிரிழை. அவ்வளவுதான். அவர் கைகளுக்குத் தெரிந்தது. நாற்பது வருடமாக இரும்பைப் பிடித்த கைகள்.

"விடு. பால்குடிக் குழந்தையா நான்?" அவள் சிரித்துக்கொண்டே துணியை மாட்டினாள். ஹெல்மெட்டை மாட்டினாள். அதற்குள்ளிருந்து குரல் மாறி வந்தது. "முகம் ஏன் இப்படி இருக்கு? ஒரே ஒரு சுத்து. வந்துடுவேன்."

"பனி. நாளைக்குப் போ."

"நாளைக்குப் பாதை கிடையாது."

"இம்கே, நான் சொல்றதக் கேளு."

"சொல்லு."

ரோஸ் பக்கத்தில் நின்றார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்ஸ்கர் வழிவிட்டு விலகினார்.

அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். ரோஸ் பெல்ட்டுகளை இழுத்து இறுக்கினார். கதவு மூடியது. இயந்திரம் பற்றியது; தரை வழியாக அதிர்வு கால்களுக்கு ஏறியது. கார் நகர்ந்தது. வெள்ளை உடல் பனிக்குள் முதலில் போனது. பச்சைப் பட்டை கொஞ்ச நேரம் தனியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. சத்தம் மட்டும், மேடேறி, மரங்களுக்குப் பின்னால் மெலிந்து.

ஹெட்செட்டில் அவள் குரல். "அப்பா, இது பறக்குது!"

"மெதுவா."

"ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு."

"உள்ள வா. இப்பவே வா."

"எதுக்கு? ஏதாவது தெரியுதா?"

ரோஸின் காதிலும் அதே சொற்கள். ரோஸ் அவரைப் பார்த்தார். காத்திருந்தார்.

"சும்மாதான்" என்றார் அன்ஸ்கர்.

"சும்மான்னா வரமாட்டேன். இதோ, ஆந்தை வளைவு. பனி கொஞ்சம்..."

டக்.

காதுக்கு மிக அருகில்.

பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

"இம்கே?"

மரங்களுக்குப் பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. மோதவில்லை. ஒரே சீராக, கியர் மாறாமல், நீண்ட சுற்று முழுவதும் அப்படியே வந்துகொண்டிருந்தது. ரோஸ் ஏதோ சொன்னார். அன்ஸ்கர் கேட்கவில்லை. பாதையின் ஓரத்துக்குப் போய் நின்றார்.

இரண்டு விளக்குகள். மங்கலாக. பெரிதாகி.

கார் பனியிலிருந்து வந்தது. மெதுவாக, நேராக. அவர் கால்களுக்கு ஓரடி தள்ளி நின்றது. ஒரு கீறல் இல்லை. நான்கு சக்கரங்களும் உறுதியாக. இடது முன்சக்கரம் அவருக்கு எதிரே. வெள்ளைக் கோடு உடையாமல்.

"பாருங்க, வந்துட்டா. சும்மா பயந்து செத்தீங்க" என்றார் ரோஸ். ஜன்னலில் குனிந்தார்.

இரண்டடி பின்வாங்கினார். ஹெட்செட்டைக் கழற்றினார். கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

அன்ஸ்கர் போனார்.

இம்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். பெல்ட்டுகள் இறுக்கமாக. தோள்கள் பாதையைப் பார்த்திருந்தன. ஹெல்மெட் தோளைத் தாண்டிப் பின்பக்கமாகத் திரும்பி அவரைப் பார்த்திருந்தது. முழுவதும். எந்தக் கழுத்தும் திரும்பாத அளவுக்கு.

முகமூடித் துணி மேலே ஏறியிருந்தது. தோளிலிருந்து மஞ்சள் கோடு ஏறி, கழுத்தின் பாதியில் நின்றது. அதற்கு மேலே கோடு இல்லை. மீதி எங்கோ பின்னால் இருந்தது.

ஹெல்மெட்டின் கண்ணாடிக்கு உள்ளே மூச்சு படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார்.

"இம்கே... மஞ்சள் என்னுது. அன்னிக்கு நான் முறுக்கவே இல்ல. கேக்குதாம்மா?"